மறதியிலும் மேடு பள்ளம்

படாளம் ஸ்டேஷனில் வெளியூர்க்காரர் யாராவது இறங்கினால், வேடந்தாங்கலுக்கு எப்படிப் போவது என்றுதான் முதலில் விசாரிப்பார். பறவை பார்க்க வந்தவர் என்று ஊரார் உடனே தெரிந்துகொண்டு, கூட்டு ரோட்டுக்கு வழி காட்டி அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த ஊர் சொந்த ஊர். என்னை யாரும் அப்படி அனுப்புவதில்லை. சென்ற தை மாதத்தில் நான் அங்கே போனது இரண்டு மூதாட்டிகளைப் பார்ப்பதற்காக. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. இருவருக்கும் வந்திருப்பது ஒரே மாதிரியான மறதி. ஆனால் ஒருவருக்கு அதன் பெயர் வியாதி. மற்றவருக்கு அதன் பெயர் வயசு.

முதலாமவர் என் அத்தை, 1943-ல் பிறந்தவர். எங்கள் தாத்தா காந்தி மகாத்மாவிடம் பக்தி கொண்டவர். கதரைத் தவிர வேறொன்றும் உடுத்தமாட்டார். "பெண்ணுக்கு எதற்கு ஐயா படிப்பு?" என்று ஊரில் நாலு பேர் கேட்டதைப் பொருட்படுத்தாமல் மகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பினார். அத்தை எஸ்.எஸ்.எல்.சி. தேறி, ஆசிரியப் பயிற்சியும் பெற்று, முப்பத்தைந்து வருஷ காலம் ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தார். இன்றும் பென்ஷன் வாங்குகிறார்.

இரண்டாமவளை நாங்கள் குழந்தைகளாயிருந்த காலத்திலிருந்து 'ஆயா' என்றே அழைப்போம். எங்கள் மாட்டுக் கொட்டகையிலும் கழனியிலும் உழைத்தே வளர்ந்தவள். எட்டு வயதில் அவளுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம், அத்தையின் மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் வைத்துப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு போவது. கொடுத்துவிட்டு, அத்தை சாப்பிட்டு முடிக்கும் வரையில் வேலிக்கு வெளியே புளிய மரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். பிறகு காலித் தூக்கை எடுத்துக்கொண்டு வீடு திரும்புவாள். தூக்குக் கொண்டு போகும் குழந்தையும் உள்ளே போய் உட்காரலாமே என்று கதர் உடுத்திய தாத்தாவுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அவரை நான் நிந்திக்க வரவில்லை. எனக்கும் அறுபது வயது வரையில் அது தோன்றவில்லை.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அத்தையைப் பற்றிச் சொல்லும்போது 'கொடுத்தார்' என்றும், ஆயாவைப் பற்றிச் சொல்லும்போது 'திரும்புவாள்' என்றும் என் பேனா தானாகவே எழுதிக்கொண்டு போயிருக்கிறது. அதை அடிக்காமல் விட்டுவிடுகிறேன். இனிமேல் இருவருக்கும் ஒரே விகுதி.

ஆயா புளிய மரத்தடியில் காத்திருந்த அந்த 1951-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. பசியினால் பள்ளிக்கூடத்தை விட்ட குழந்தைகளைத் திருப்பி அழைப்பதற்காகக் காமராஜர் 1956-ல் மத்தியான உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, ஆயாவுக்குப் பதின்மூன்று வயது. நாற்று நடவில் முழுக்கூலி வாங்கத் தொடங்கிவிட்டார். இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவில் தாழ்த்தி வைக்கப்பட்ட ஜனங்களின் அவல நிலையைப் பற்றிக் கலெக்டர் டிரெமென்ஹீர் 1891-லேயே சர்க்காருக்கு அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலம் கொடுக்க உத்தரவாயிற்று. அந்த நிலங்கள் கை மாறிப்போன கதை நீளமானது. ஆயாவின் குடும்பத்திற்கு நிலமும் இல்லை, எழுத்தும் இல்லை என்பதோடு இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

அத்தையின் மறதியை அவர் மகன் கண்டுபிடித்தது பால் கணக்கு நோட்டில். ஒரே நாள் பாலை மூன்று முறை வரவு எழுதியிருந்தார். முப்பத்தைந்து வருஷம் வாத்தியாராக இருந்தவர் கணக்கில் பிசகுவதாவது! மூன்று மாதத்திற்குள் சென்னையில் நரம்பியல் நிபுணர், மூளையைப் படம் பிடித்தல், மாத்திரை எல்லாம் ஆகிவிட்டன. காது மந்தம் என்று தெரிந்து காதுக்கு மிஷின் வந்தது. கண்புரையை எடுத்தார்கள். பகலில் கூடவே இருப்பதற்குச் சம்பளத்துக்கு ஒரு பெண்ணை அமர்த்தினார்கள். இவ்வளவுக்கும் வியாதி குணமாகிவிடவில்லை. குணமாக்கும் மருந்து இன்னும் கிடையாது. ஆனால் அத்தை நன்றாகச் சாப்பிடுகிறார், நிம்மதியாகத் தூங்குகிறார். நான் போனதும், "எப்போடா வந்தே?" என்று கேட்டார். ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் அதையே கேட்டார். நானும் மறுபடியும் சொன்னேன்.

ஆயாவின் மறதி பிடிபட்ட விதம் வேறு. பிடிபட்டது என்று சொல்வதே தவறு. குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டார். மருமகள் அடுப்பை வாங்கிக்கொண்டார். கடைக்குப் போன இடத்தில் சில்லறையை விட்டுவிட்டு வந்தார். பேரன் கடைக்குப் போனான். வேலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போயின. இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் விடியற்காலையில், புடவையை முழங்கால் வரையில் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து நாற்று நட்டுக்கொண்டிருந்தார். நட்ட இடம் எங்கள் பழைய கழனி. அதை விற்றுப் பத்து வருஷத்திற்கு மேலாகிறது. இப்போது அங்கே மனைக் கற்களும், 'நகர்' என்று முடியும் பெயர்ப் பலகையும்தான் இருக்கின்றன. அந்தக் கற்களுக்கு நடுவே காய்ந்த புல்லைப் பிடுங்கிப் பிடுங்கி வரிசையாக ஊன்றிக்கொண்டிருந்தாராம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிக்கொண்டு போன வண்டிக்காரர்கள் நிறுத்திப் பார்த்துச் சிரித்தார்கள்.

"வயசாயிடுச்சில்லீங்களா சின்னய்யா, அப்படித்தான்" என்றார் மருமகள்.

இந்த வார்த்தையைத் தமிழ்நாடு முழுவதும் கேட்கலாம். ஹிந்தியில் அறுபது என்ற எண்ணிலிருந்தே இதற்கு ஒரு வினைச்சொல் உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தார் 'அறளை பெயர்ந்துவிட்டது' என்பார்கள். எல்லாம் கேலிச் சொற்கள். வியாதிக்குப் பெயர் வைப்பதற்கு முன்னமே பரிகாசத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம்.

ஆயாவை நானே ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கே ஓர் இளைஞர் மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். "இன்று என்ன தேதி?" என்று கேட்டார். ஆயா சிரித்தார். தேதி என்பது அவருக்கு எந்தக் காலத்தில் வேண்டியிருந்தது? அமாவாசை எப்போது என்று கேட்டிருந்தால் ஒருகால் சொல்லியிருப்பார். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். ஒரு படத்தைப் பார்த்து அதேபோல் வரையச் சொன்னார். கடைசியில் ஒரு காகிதத்தை நீட்டி, "ஏதாவது ஒரு வாக்கியம் எழுதுங்கள்" என்றார்.

"எனக்கு எழுத்து ஏது தம்பி?" என்றார் ஆயா. அந்தப் பென்சிலைக் கூச்சத்துடன் மேஜை மேல் திரும்ப வைத்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

பிறகு அந்த இளைஞர் மருமகளைப் பார்த்து, "முன்பு செய்துகொண்டிருந்த வேலை எதையாவது இப்போது செய்ய முடியாமல் இருக்கிறாரா?" என்று கேட்டார். "நாங்க ஒண்ணும் செய்யவே விடறதில்லீங்க" என்று பெருமையாகப் பதில் வந்தது. முதல் பரீட்சையில் ஆயா பூஜ்யம் வாங்கினார். ஆனால் படிக்காதவர் என்பதனால் அதற்கு மதிப்பில்லை. இரண்டாவது கேள்வியில் குறையே இல்லை என்று ஆயிற்று. 'வயதின் காரணமாக' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

இது ஒரு ஆயாவின் கதை மட்டும் அல்ல. மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட அந்த நாடுகளில் நடப்பதில்லை என்பதைக் கண்டு, 'பத்து-அறுபத்தாறு' என்றே பெயர் வைத்துக்கொண்டு ஓர் ஆராய்ச்சிக் குழு கிளம்பிற்று. சென்னையிலும் வேலூரை அடுத்த கிராமங்களிலும் அவர்கள் வீடு வீடாகப் போனார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். மேல்நாட்டு வைத்திய நூல் இலக்கணப்படி எண்ணியபோது, வேலூர்க் கிராமங்களில் மறதி நோய் ஆயிரத்துக்கு மூன்று பேருக்குத்தான்! உலகத்திலேயே பாக்கியசாலிகள் நம் கிராமத்துக் கிழவர்கள்தான் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் எழுத்தறியாதவர்களுக்கும் பொருந்தும்படி தாங்களே வகுத்த முறையில் எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் போன எல்லா இடங்களிலும் நூற்றுக்கு ஐந்துக்கு மேலேதான் கணக்கு வந்தது. இடையிலே மறைந்துபோன அந்த ஜனங்கள் எங்கே? "நாங்கள் ஒன்றும் செய்யவே விடுவதில்லை" என்ற அன்பான வார்த்தைக்குப் பின்னால் இருந்தார்கள்.

எங்கள் ஜில்லாவும் இந்த ஆராய்ச்சிக்குப் புதியதல்ல. திருப்போரூர்ப் பக்கத்தில் அறுபது வயது தாண்டியவர்களைப் பரிசோதித்து, நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு இந்நோய் இருப்பதாகச் சென்னை மனோவைத்தியர்கள் 1997-ல் எழுதினார்கள். 2023-ல் வெளியான அகில இந்தியக் கணக்கோ நூற்றுக்கு 7.4 என்கிறது. அதாவது 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆயா மூன்று வரிசையிலும் நிற்கிறார்.

படிப்புக்கும் மறதிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மதுராந்தகம் ஏரியையும், அதன் பக்கத்தில் ஏதாவது ஒரு குட்டையையும் நினைத்துக்கொள்ளுங்கள். கோடை இரண்டுக்கும் ஒரே கோடைதான். குட்டை சித்திரையிலேயே வெடித்துவிடும். ஏரியில் ஆனியிலும் தண்ணீர் கிடக்கும். இளம் வயதில் படித்த படிப்பும், பிறகு மூளைக்கு வேலை கொடுத்த உத்தியோகமும் மண்டைக்குள்ளே ஆழம் தோண்டி வைக்கின்றன. அமெரிக்காவில் 678 கன்னிகாஸ்திரீகள், தாங்கள் இறந்தபின் மூளையைச் சோதிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சிலருடைய மூளையில் நோயின் அடையாளங்கள் நிறைந்திருந்தன. ஆனால் கடைசி நாள் வரையில் அவர்கள் புத்தித் தெளிவோடு நடமாடியிருக்கிறார்கள்! அதே அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். முப்பது வருஷத்தில் அங்கே மறதி நோய் புதிதாக வருவது நன்றாகக் குறைந்திருக்கிறதென்று 2016-ல் அறிவித்தார்கள். யாருக்குக் குறைந்தது? உயர்நிலைப் பள்ளிக்கூடம் முடித்தவர்களுக்கு. முடிக்காதவர்களுக்குக் குறையவில்லை.

ஏரிக்கு ஆழம் இருந்தால் போதாது. கரையும் உடையாமல் இருக்கவேண்டும். இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், கவனிக்காத கண்புரை, புகை, தனிமை என்று, பள்ளிப் படிப்பின்மையையும் சேர்த்துப் பதினான்கு காரணங்களை 2024-ல் ஒரு சர்வதேச வைத்தியக் குழு வரிசைப்படுத்திற்று. இவற்றைத் தீர்த்தால் உலகில் மறதி நோயில் நூற்றுக்கு 45 பங்கைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்கள் மதிப்பு. ஆயா ஐம்பது வருஷம் விறகடுப்புப் புகையில் கண் கசக்கியவர். இரத்தக் கொதிப்பு இருப்பதே எழுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. அதுவும், 2021-ல் ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர் வீட்டு வாசலுக்கு வந்து பார்த்ததனால். இப்போது மாத்திரை வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம்தான். முப்பது வருஷத்துக்கு முன்னே வந்திருந்தால் ஆயாவுக்கும் பயன்பட்டிருக்கும்.

அத்தைக்குத் துணையிருக்கச் சம்பளத்துக்கு ஆள் உண்டென்று சொன்னேன். ஆயாவுக்கு மருமகள்தான். அவர் நூறு நாள் வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை. போனால் கிழவர் மனைக்கட்டுப் பக்கம் நடந்துவிடுகிறார். ஆகையால் போகிற நாட்களில், பழைய புடவைக் கிழிசலால் மாமியாரின் காலைக் கட்டிலோடு தளர்வாகக் கட்டிவிட்டுப் போகிறார். என்னிடம் அதைச் சொல்லும்போது அழுதார். "வேற என்ன செய்யறதுங்க?" என்றார். எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொள்ளப் பணம் கொடுத்தேன். அடுத்த மாதத்தையும் அனுப்பவேண்டும்.

வட இந்தியாவில் பல்லப்கர் பக்கத்துக் கிராமங்களில் சோதனை செய்த வைத்தியர்கள், எழுத்தறியாதவர்களுக்கென்று கேள்விகளை மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நூறிலிருந்து ஏழு கழிப்பதற்குப் பதிலாக இருபதிலிருந்து மூன்று கழிக்கவேண்டும். வாக்கியம் எழுதுவதற்குப் பதிலாக, 'உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்' என்று கேட்பார்கள். எனக்கு அது நினைவுக்கு வந்தது. நான் வைத்தியனல்ல; இருந்தாலும் கட்டிலின் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆயா, உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

ஆயாவின் முகம் மலர்ந்தது. திண்ணையில் இரண்டு தூண் என்றார். உள்ளே போனால் முற்றம். முற்றத்தில் துளசி மாடம். கூடத்து ஊஞ்சலில் ஐயா உட்கார்ந்து ராட்டை சுற்றுவார். கொல்லையில் கிணறு, துவைக்கிற கல், அதற்கப்பால் மாட்டுக் கொட்டகை. அடுப்படி ஆணியில் பாப்பாவின் தூக்கு மாட்டியிருக்கும். பொழுது உச்சிக்கு வந்ததும் எடுத்துப் போகவேண்டும் என்றார்.

"பொழுது ஏறிப்போச்சா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே, கட்டியிருந்த காலை இழுத்தார். நான் முடிச்சை அவிழ்த்துவிட்டேன்.