குருந்தம்

17, 20, 25, 30. கருவியின் கவ்வியில் நான்கு துளைகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். கத்தியின் முதுகைக் கவ்வியில் இறுக்கி, கல் பொருத்திய கம்பியை ஒரு துளைக்குள் நுழைத்து, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கம்பி துளையை விட்டு நகராது. அதனால் கல் ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில்தான் விளிம்பைத் தொடும். அக்கா மகன் வாங்கிக் கொடுத்து மூன்று வாரமாகிறது. மும்பையில் செம்பூர் வீட்டில் இருக்கிற கத்தி அத்தனையையும் தீட்டிவிட்டு, எதிர்வீட்டுக் கத்திகளையும் கேட்டு வாங்கித் தீட்டினேன்.

எந்தத் துளை என்று புரியாவிட்டால் விளிம்பில் மார்க்கர் பேனாவால் கறுப்புப் பூசி, இரண்டு இழுப்பு இழுத்துப் பார்க்கலாம். மை ஒரே சீராக அழிந்தால் கோணம் பொருந்துகிறது. மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கல் இன்னும் நுனியை எட்டவில்லை. ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கத்தில் பெருவிரலுக்குப் பிசிறு தட்டுப்படும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் பிசிறுதான் இரும்பின் இரு சரிவும் சந்தித்துவிட்டதற்கு அடையாளம். பிறகு அதை மறுபக்கம் புரட்டி, நைஸான கல்லுக்கு மாறி, கடைசியில் தோலில் இழுத்து எடுக்க வேண்டும். தக்காளியின் மேல் கத்தியை வைத்தேன். அழுத்தவே இல்லை, இறங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தை இந்த வயதில் நான் எதிர்பார்க்கவில்லை.

மாட்டுங்காவில் என் சிறுவயதில் இந்த வேலை தெருவில் நடந்தது. சாணை பிடிப்பவர் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து மிதிப்பார். மிதிக்க மிதிக்க ஒரு பட்டை முன்னால் இருக்கும் சாணைக்கல்லைச் சுழற்றும். “சாக்கூ... சுரீ... தேஜ்!” என்று கத்தி தீட்ட அவர் இந்தியில் கூவியதைக் கேட்டு, சாக்கு விற்கிறார் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். அம்மா காய் நறுக்கும் கத்திகளைக் கொடுத்தனுப்புவாள். அருவாமணையைக் கொடுக்க மாட்டாள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணச் சீரோடு ரயிலேறி வந்தது அது. “பொறி பறந்தா இரும்பு செத்துப்போகும்” என்பாள். சரியாகத்தான் சொன்னாள். காய்ந்த கல்லில் வேகமாகத் தேய்த்தால் மெல்லிய விளிம்பு சூடேறி, கொல்லர் கொடுத்த பதம் இறங்கிவிடும்; அதன்பின் எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. அருவாமணைக்கென்று முற்றத்தில் ஒரு சாம்பல்நிறக் கல் இருந்தது. அதைத் தண்ணீரில் நனைத்துத் தானே தீட்டுவாள்.

அந்தச் சாம்பல்நிறக் கல்லுக்குக் கடையில் கார்பொரண்டம் என்று பெயர். 1891இல் அமெரிக்காவில் எட்வர்டு அச்சிசன் களிமண்ணையும் கரியையும் கலந்து மின்சாரத்தால் பழுக்கக் காய்ச்சினார். பளபளவென்று படிகங்கள் கிடைத்தன. கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி இரண்டு பெயரையும் ஒட்டவைத்தார். அது உண்மையில் சிலிக்கன் கார்பைடு. ஆனால் வைத்த பெயர் நின்றுவிட்டது. அந்தக் கொரண்டம் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது நம் குருந்தத்திலிருந்து. குருந்தக் கல் சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலக்கல். மங்கிக் கிடப்பது சாணைக்கு. சேலத்துப் பக்கம் மண்ணில் கிடைக்கும். அதைப் பொடித்து அரக்கில் குழைத்துச் செய்ததுதான் பழைய சாணைச் சக்கரம். 1954இல் முருகப்பா குழுமம் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடும் ஓர் ஆங்கிலேய நிறுவனத்தோடும் கூட்டுச் சேர்ந்து கார்பொரண்டம் யூனிவர்சலைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. அச்சிசன் வைத்த பெயரின் வாலைப் பிடித்துக்கொண்டு குருந்தம் ஊர் திரும்பிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட அன்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் இல்லை.

கருவியோடு வந்த தோல் துண்டு போதவில்லை என்று தாராவிக்குப் போனேன். சயானிலிருந்து பாந்த்ரா போகும் சாலையில் வரிசையாகத் தோல் கடைகள். பின்சந்துகளில் பட்டறைகள். இங்கே தோல் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். ஒரு பட்டறையில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தரையில் உட்கார்ந்து பை வாரின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். மடித்துத் தைக்கும் இடத்தில் தோல் தடித்து நிற்காதிருக்க, ஓரத்தைக் காகிதம் போல் மெலிதாக்க வேண்டும். கத்தி சற்று மந்தமானாலும் தோல் கிழிந்துவிடும். பத்துப் பன்னிரண்டு சீவலுக்கு ஒருமுறை, பேச்சை நிறுத்தாமலே பக்கத்திலிருந்த கல்லில் கத்தியை இழுத்துக்கொண்டார்.

“எத்தனை டிகிரியில பிடிக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“டிகிரியா? சத்தத்தைக் கேளுங்கம்மா.” மறுபடி இழுத்தார். “இப்ப கரகரங்குதுல்லா? கொஞ்சம் சாய்ச்சா... இந்தா. சர்ருன்னு ஒரே சத்தம். அவ்வளவுதான்.”

எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்டன. அவர் சிரிக்கவில்லை. என் கையிலேயே கத்தியைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். உள்ளங்கை நீளம் இருந்த கத்தியாம் அது. இப்போது நான்கு விரற்கடைதான். “தேஞ்சதெல்லாம் இந்தக் கல்லுக்குத்தான் போச்சு” என்றார்.

அன்றிலிருந்து புறநானூற்றின் 95ஆம் பாட்டு மனத்தைவிட்டு அகலவில்லை. ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். எல்லாம் பீலி சூட்டி, மாலை போட்டு, நெய் பூசிப் பத்திரமாக இருக்கின்றன. அதியமானின் வேல்களோ நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் ஔவையார். புகழ்வது போல் இகழ்ந்தது, இகழ்வது போல் புகழ்ந்தது என்று பள்ளியில் நானே பல வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை. போர் முடிந்து வந்த வேல்கள் சுவரோரம் குவிந்திருக்கும். மடங்கிய நுனியை நிமிர்த்தி, உடைந்ததைத் தேய்த்து, புது நுனி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வேல் கொஞ்சம் குட்டையாகும். ஔவையார் அரண்மனை வேல்களையும் பார்த்தார், பட்டறை வேல்களையும் பார்த்திருந்தார். இல்லாவிட்டால் அந்தப் பாட்டு வந்திருக்காது. பட்டறையில் ஓரமாக நின்று, கொல்லன் நுனி எடுப்பதை அவர் வெகுநேரம் பார்த்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் அருவாமணை இப்போது என்னிடம். நேற்று அதைத் தீட்ட எடுத்தேன். பலகையில் அறைந்த வளைந்த இரும்பு. எந்தக் கவ்விக்கும் அடங்கவில்லை. நான் குழந்தையாக இருந்தபோது மூன்று விரல் அகலம் இருந்தது நன்றாக ஞாபகமிருக்கிறது. இப்போது ஒன்றரை விரல்.

கருவியை மூடி வைத்துவிட்டு, பரணிலிருந்து சாம்பல்நிறக் கல்லை இறக்கினேன். நடுவில் அம்மாவின் கை இழைத்த குழி. நனைத்து, பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு, அந்தக் குழியிலேயே வைத்து இழுத்தேன். கரகரத்தது. கொஞ்சம் சாய்த்தேன். மறுபடியும் கரகரத்தது. இன்னும் ஒரு நூலளவு சாய்த்து இழுத்தபோது, கல்லின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே சத்தம்.