மஞ்சள் முக்கோணம் வரைபவர்கள்

பெங்களூரின் ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் தாண்டினால் சந்தாபுரா. ஆனேக்கல் போகிறவர்களும் தொம்மசந்திரா பக்கம் திரும்புகிறவர்களும் இங்கேதான் பிரிவார்கள். ஷிஃப்ட் விடும் நேரத்தில் சர்க்கிளில் நின்றால் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம் எல்லாம் காதில் விழும். பொம்மசந்திராவின் நாராயணா மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகளிலும் கடைகளிலும் வங்காள எழுத்தில் போர்டுகளைப் பார்க்கலாம். சிகிச்சைக்காக அவ்வளவு பேர் கிழக்கிலிருந்து வருகிறார்கள்.

இத்தனை மொழிக்காரர்களும் தொழிற்பேட்டையில் ஒரே கூரையின்கீழ் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார்கள், ரசாயன டிரம் உருட்டுகிறார்கள். ‘கையை உள்ளே விடாதே’ என்று இவர்களுக்கு எந்த மொழியில் எழுதிவைப்பது?

அதற்கு விடை தேடுகிறவர்கள் ஆனேக்கல் சாலையோரத்தில் சின்னச் சின்ன போர்டுக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் போன கடையின் உரிமையாளர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். எனாமல் பெயின்ட்டும் பட்டை பிரஷ்ஷுமாகச் சுவர் விளம்பரம் எழுதித் தொழில் கற்றவர். ஃபிளெக்ஸ் வந்ததும் கம்ப்யூட்டருக்கு மாறினார். பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் கர்நாடகச் சட்டம் திருத்தப்பட்டபின் கடைக்காரர்கள் பழைய போர்டுகளை மாற்ற வரிசையில் வந்தார்கள். ஆனால் அவர் ஆசையோடு எடுத்துக் காட்டியது தொழிற்சாலைகளுக்குச் செய்த எச்சரிக்கைப் பலகைகளைத்தான்.

“ஆபீஸ்ல இருந்து ஒரு பக்கம் இங்கிலீஷ்ல டைப் பண்ணி அனுப்புவாங்க சார். எங்க மாட்டப் போறீங்கன்னு கேட்பேன். மெஷின்கிட்டன்னு சொன்னா, நேர்ல போய்ப் பார்க்காம கை வைக்க மாட்டேன்.”

பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயர எழுத்து என்பது இந்தத் தொழிலின் பழகிய கணக்கு. வெளிச்சம் குறைந்து, எண்ணெய்ப் புகை படியும் இடமென்றால் அதுவும் போதாது. அதனால் அந்த ஒரு பக்கத்தை அவர் ஒரு படமாகவும் மூன்று சொல்லாகவும் சுருக்குகிறார். மஞ்சள் முக்கோணம் என்றால் ஆபத்து. சிவப்பு வட்டத்தில் குறுக்குக்கோடு என்றால் கூடாது. நீல வட்டம் என்றால் கட்டாயம் செய். பச்சை என்றால் தப்பிக்கும் வழி. உலகத் தரமும் நம் ஐ.எஸ். 9457-ம் சொல்வது இதைத்தான்.

கடையில் கோரல்டிரா மென்பொருளில் வேலை செய்யும் பெண், உருளைகளுக்கிடையே கை சிக்கும் படம் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார். தொழிற்சாலை அனுப்பிய படத்தில் விரல் நகம்வரை இருந்தது. தூரத்தில் அது வெறும் கறுப்புத் திட்டு. நகத்தையும் சட்டைக் கையையும் நீக்கினார், விரல்களை அகட்டினார், ஏ4 தாளில் அச்செடுத்தார். சாலைக்கு அந்தப் பக்கம் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஒடியா இளைஞரிடம் தூக்கிக் காட்டி “க்யா திக்தா ஹை, பய்யா?” என்று கேட்டார். அவர் தன் கையை மடக்கி மார்போடு சேர்த்துக்கொண்டார். படம் தேறிவிட்டது. குறியீடுகள் மக்களுக்குப் புரிகின்றனவா என்று சோதிக்க ஐ.எஸ்.ஓ. 9186 என்றொரு சர்வதேச முறை இருக்கிறது. அதன் சாரம் இந்தத் தெருவில் நடப்பதுதான்: யாருக்காக வரைந்தோமோ அவரிடமே கேட்பது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 108-ஆம் பிரிவில், அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் பத்துப் பேருக்கு ஐந்து மொழி என்றாகிவிட்ட இடத்தில் பெரும்பான்மையைத் தவிர்த்த மற்றவர்களின் கைகளும் அதே மெஷினில்தானே இருக்கின்றன? அங்கே படம்தான் காக்க வேண்டும். தியேட்டரிலும் மெட்ரோவிலும் நாம் பார்க்கும் பச்சைநிற ‘ஓடும் மனிதன்’ ஜப்பானில் 1970-களின் இறுதியில் யுகியோ ஓட்டாவின் கையில் உருப்பெற்று, 1985-இல் உலகத் தரமானவன். புகைக்குள் வாசித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை.

நம் நாட்டில் இந்த வகை வேலைக்குப் பெரிய முன்னுதாரணம் தலைகீழான சிவப்பு முக்கோணம். 1960-களில் மத்திய அரசின் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையில் இருந்த தீப் தியாகி முன்னெடுத்த குறி அது. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என நான்கு முகங்களோடு ஊர்ச் சுவர்களிலும் பஸ்களிலும் அதை ஏற்றியவர்கள் பெயர் தெரியாத பெயின்டர்கள். கடைக்காரரின் குருவும் அப்படி எழுதியவர்தானாம். “முக்கோணத்துக்கு நூல் அடிச்சுத்தான் கோடு போடுவார். கை லேசா கோணினாலும் அழிச்சிடுவார்.” எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இலவச உதவி எங்கே கிடைக்கும் என்று அந்தக் குறி சொன்னது. நெருக்கடி நிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடை நடந்தபோது அதே துறையின் பெயரே மக்களை விரட்டியது. வரைந்தவர்கள் பிழை அல்ல அது. எவ்வளவு நல்ல வடிவமும் அதன் பின்னால் நிற்பவர்களின் நடத்தைக்கு ஈடுகொடுக்காது என்பதை வடிவமைப்பு கற்பிக்கும் வகுப்புகளில் சொல்லியாக வேண்டும்.

பிழையைத் திருத்திய நல்ல உதாரணமும் உண்டு. உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்றிருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கு இரண்டும் ஒன்றே. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அசைவக் குறியை முக்கோணமாக்கியது.

கடைக்காரர் இன்னொரு குறையும் சொன்னார். ஆர்டர் கொடுப்பவர்கள் பலகையைச் சதுர அடிக் கணக்கில்தான் விலை பேசுகிறார்கள். நேரில் போய்ப் பார்த்த அரை நாளுக்கும், திருப்பித் திருப்பி வரைந்ததற்கும் பில்லில் இடமில்லை. கூலி கிடைக்காத அந்த உழைப்புதான் விரலைக் காப்பாற்றுகிறது. டெண்டரில் வடிவமைப்புக்கென்று தனியாக ஒரு வரி சேர்க்க எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவாகாது. பேசிக்கொண்டிருந்தபோதே ஜிகணியிலிருந்து போன் வந்தது: கெமிக்கல் குடோனுக்கு ஆறு பலகைகள், நாளைக்கே வேண்டும். “டிரம்மை எந்த உயரத்துல அடுக்குறீங்க?” என்று கேட்டு, பில் புத்தகத்தின் பின்னால் குறித்துக்கொண்டார்.