சித்தியும் பின்னியும்

ஹைதராபாத்துக்கு ஆய்வுக்கென வந்த முதல் மாதத்தில், வீட்டுக்கார அம்மாள் ‘பின்னி’ தொடரின் கதையைச் சொன்னார். திகைத்தேன். அது, சிறுமியாக அம்மாவின் மடியில் கிடந்து பார்த்த ராதிகாவின் ‘சித்தி’. ராடான் நிறுவனம் தயாரித்து 1999இல் சன் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடர், ஜெமினியில் தெலுங்கு பேசியிருக்கிறது.

அக்காலத்தில் தயாரிப்பாளர்கள் அலைவரிசைக்குக் கட்டணம் செலுத்தி நேரத்தைப் பெற்றனர். விளம்பர நிமிடங்களைத் தாமே விற்றனர். உரிமையும் பெரும்பாலும் அவர்களிடமே இருந்ததால், ஒரே கதையை மொழிதோறும் விற்க முடிந்தது.

என் ஆய்வு முன்மொழிவில் கதையும் பார்வையாளரும் இருந்தனர், விற்றவர் இல்லை. தெலுங்கில் அழுத பின்னணிக் குரலும் இல்லை. அக்குரலுக்கு உரியவர் யாரென்று கேட்டேன். அத்தனை நாள் உடன் அழுத அம்மாளுக்கும் தெரியவில்லை. முன்மொழிவை மீண்டும் எழுதுகிறேன்.