ஒவ்வொரு முடியாக

"பெர்மனென்ட்டாப் போயிருமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறோம். வலிக்குமா, எவ்வளவு ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மோவாயிலும் மேலுதட்டிலும் முடி வளரும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லின் மேல் இருக்கும் ஆசையை, வளராதவர்களுக்கு விளக்குவது கஷ்டம். காலையில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் விரலால் தாடையைத் தடவிப் பார்க்காமல் ஒரு நாள் தொடங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

விளம்பரக்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஆனால் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ இந்தச் சொல் விஷயத்தில் கறார். லேசருக்கு அது அனுமதித்திருப்பது 'நிரந்தரக் குறைப்பு' என்கிற பெயரை மட்டும்தான். சிகிச்சை முடிந்து, முடியின் முழு வளர்ச்சிச் சுழற்சி ஒன்று கடந்த பிறகும், திரும்ப முளைக்கும் முடிகளின் எண்ணிக்கை குறைந்தபடியே நிலைத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். எவ்வளவு குறைய வேண்டும் என்று அந்த வரையறை சொல்வதில்லை. பத்தில் எட்டு போனாலும் குறைப்பு, மூன்று போனாலும் குறைப்பு. 'நிரந்தர நீக்கம்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எலக்ட்ரோலிசிஸ் என்ற பழைய ஊசி முறைக்குத்தான் உண்டு. ஊசிக்குப் பிறகு வருகிறேன்.

எங்கள் வீட்டில் இது மூன்று தலைமுறைச் சொத்து. பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவருடைய முறை எளிது. அடுப்புச் சாம்பலைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தொட்டுக்கொண்டு, முடியைப் பிடித்து ஒரே இழுப்பு. சாம்பல் இருந்தால் வழுக்காது. அம்மா ட்வீசருக்கு முன்னேறியவர். வெயில் நேராக விழும் குசினி ஜன்னலோரம், நாங்கள் யாரும் எழுந்திருக்காத நேரத்தில், கையகலக் கண்ணாடியோடு நிற்பார். யாராவது வந்தால் ட்வீசர் சட்டென்று கடுகு டப்பாவுக்குப் பின்னால் போய்விடும். அந்த இடம் எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும்போது மாறுவேடப் போட்டி வந்தது. ஆசிரியர் வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைப் பாரதியார் ஆக்கினார். "இவளுக்கு மையே வேணாம்" என்றார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? இரண்டாம் பரிசு கிடைத்தது. அதற்கப்புறம் ஆறாம் ஆண்டு முடியும்வரை என் பெயர் பாரதி. பாரதியார் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர் கவிதையை மூச்சுவிடாமல் ஒப்பித்துத்தான் பரிசை வாங்கினேன்.

அன்றிரவு அம்மா எதுவும் கேட்காமல் கஸ்தூரி மஞ்சளைக் குழைத்து என் உதட்டுக்கு மேல் பூசினார். ஒரு வருஷம் பூசினார். முடி அப்படியே இருந்தது, பள்ளிச் சட்டைக் காலர்தான் மஞ்சளானது. அதோடு ஓர் எச்சரிக்கையும் வந்தது: "ஷேவ் மட்டும் பண்ணிராதே. பண்ணா ஆம்பள முடி மாதிரி மொத்தமா வளரும்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாத அம்மா நம் ஊரில் உண்டா? மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் 1928-லேயே இதைச் சோதித்துப் பார்த்து, மழிப்பதால் முடி தடிப்பதுமில்லை, வேகமாக வளர்வதுமில்லை என்று எழுதிவிட்டார். கத்தி பட்ட முடியின் நுனி கூர்மையாக இல்லாமல் மொட்டையாக இருக்கும். அதனால்தான் விரலுக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது. வேருக்குக் கத்தி வந்து போன சமாச்சாரமே தெரியாது.

வேருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் எல்லா நிரந்தர முறைகளின் கணக்கும். பிடுங்கினாலும் மெழுகு போட்டு இழுத்தாலும் நூல் போட்டாலும் முடிதான் வெளியே வருகிறது. அதை உண்டாக்கும் செல்கள் தோலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. கொஞ்ச நாள் ஓய்வெடுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கும். போதாக்குறைக்கு எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. சில வளர்ந்துகொண்டிருக்கும், சில உதிரக் காத்திருக்கும், சில உறங்கும். லேசரோ ஊசியோ வளரும் கட்டத்தில் இருப்பதைத்தான் நன்றாகத் தாக்கும். அதனால்தான் எந்த முறையும் ஒரு தடவையில் முடிவதில்லை. 'ஒரே அமர்வில்' என்று யாராவது சொன்னால் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிடலாம்.

லேசரின் தத்துவத்தை 1983-இல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை, குறிப்பிட்ட கால அளவுக்குப் பாய்ச்சினால், அதை உறிஞ்சும் நிறமுள்ள பொருள் மட்டும் சூடாகும், சுற்றியிருப்பது தப்பிக்கும். முடியில் அந்த நிறம் மெலனின். கறுத்த முடி ஒளியைக் குடித்துச் சூடாகி, அந்தச் சூடு வேரைப் பொசுக்கும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மெலனின் முடியில் மட்டுமா இருக்கிறது? வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் மெஷினுக்குச் சுலபம். என் தோலில் அது திணறும். முடி எது, நான் எது என்று அதற்குத் தெரியாது.

தோல்களை வகைப்படுத்த ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1975-இல் அது உருவானபோது வெள்ளைத் தோலை மட்டும் நான்கு வகையாகப் பிரித்தது. வெயிலில் எவ்வளவு சிவக்கும், எவ்வளவு கறுக்கும் என்பதுதான் கேள்வி. பழுப்புக்கும் கறுப்புக்கும் ஐந்து, ஆறு என்ற எண்கள் பிறகுதான் வந்து சேர்ந்தன. வீட்டில் சித்திமார்கள் 'மாநிறம்', 'கொஞ்சம் கம்மி' என்று என்னை அளந்தபோது வந்த எரிச்சல், அதே வேலையை ஒரு விஞ்ஞானப் பட்டியல் செய்தபோது வரவில்லை. எண் மரியாதையாக இருந்தது. நான் ஐந்து.

ஐந்துக்கும் ஆறுக்கும் தோதான லேசர் இருக்கிறது. என்.டி யாக் என்பார்கள், அலைநீளம் 1064 நானோமீட்டர். இந்த ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஆகவே மேல்தோலைச் சுடாமல் ஆழத்துக்குப் போகும். அதே காரணத்தால் மெல்லிய முடியை அது அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. 755 அலெக்ஸாண்ட்ரைட் வெளிர் தோலுக்கு. 810 பக்கம் இருக்கும் டயோடு இரண்டுக்கும் நடுவில். இந்த மூன்று எண்களை மனப்பாடம் செய்துகொண்டு போய், "உங்க மெஷின் எத்தனை நானோமீட்டர்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராமல் சிரிப்பு வந்தால் அதுவே பதில்.

நான் போன இடத்தில் சிரித்தார்கள். பேரங்காடி ஒன்றின் மூன்றாம் மாடி, பத்து அமர்வுப் பேக்கேஜ். லேசர் என்று எழுதியிருந்தது, உள்ளே இருந்தது ஐ.பி.எல். அது லேசரே அல்ல. பல அலைநீளங்கள் கலந்த பளிச் விளக்கு. கறுத்த தோலில் சூடுபட்டுத் தழும்பாகும் அபாயம் அதில் கூடுதல். எனக்குத் தழும்பு வரவில்லை. வேறொன்று வந்தது. நான்கு மாதத்தில் மோவாயில் முடி கொஞ்சம் மெலிந்தது. ஆனால் அதுவரை வெறும் பூனைமயிர் மட்டும் இருந்த கன்னத்தின் ஓரம் முழுக்கக் கறுத்த முடி கிளம்பியது. காதிலிருந்து தாடை வரை, அளந்து கோடு போட்ட மாதிரி. மருத்துவத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது. ஒளி முடியை அழிப்பதற்குப் பதில் தூண்டிவிடும் முரண். தெற்காசிய, மத்திய கிழக்குப் பெண்களுக்கு, அதுவும் முகத்திலும் கழுத்திலும், ஹார்மோன் சிக்கல் இருப்பவர்களுக்கு அதிகம் நேர்வதாகப் பதிவாகியிருக்கிறது. "அது உங்க ஹார்மோன், மிஸ்" என்றார் அந்த ஆலோசகர். பொய்யில்லை. ஆனால் பேக்கேஜ் விற்றபோது அந்த ஹார்மோன் எங்கே போயிருந்தது?

பிறகு பார்த்த தோல் மருத்துவர் மெஷினைப் பற்றிப் பேசவேயில்லை. "மாதவிடாய் ஒழுங்கா வருதா?" என்று கேட்டார். ஒரு தாளை எடுத்தார். அதில் பெண்ணுடல் கோட்டோவியங்கள். ஃபெரிமன், காலவே என்ற இருவர் 1961-இல் தொடங்கிவைத்த மதிப்பெண் முறை. இப்போது ஒன்பது இடங்களைப் பார்க்கிறார்கள். மேலுதடு, மோவாய், மார்பு, வயிறு, முதுகு, தொடை என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு வரை. மொத்தம் 36-க்கு நான் 14. கணிதத்தில்கூட இவ்வளவு கவனமாக யாரும் எனக்கு மதிப்பெண் போட்டதில்லை. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன். பி.சி.ஓ.எஸ்.

முகத்தில் முடி அதிகமாக வளரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதுதான். ஆண்ட்ரோஜன் ஹார்மோன் பூனைமயிரைப் பிடித்துக் கறுத்த முடியாக மாற்றுகிறது. மாறியது லேசில் பழையபடி ஆகாது. ஆக, இருக்கிற முடியை எந்த மெஷினால் அழித்தாலும், பக்கத்தில் காத்திருக்கும் பூனைமயிரை ஹார்மோன் அடுத்த மாதம் அனுப்பிவைக்கும். மாத்திரை புதியது வராமல் தடுக்கும், ஏற்கனவே வந்ததைப் போக்காது. ஊசியும் லேசரும் வந்ததைப் போக்கும், வரப்போவதைத் தடுக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் அந்த 'நிரந்தரம்' என்ற சொல்லுக்குக் கிட்டத்தில் போகலாம். எந்த விளம்பரத்திலும் நான் இந்தக் கணக்கைப் பார்த்ததில்லை.

முடிவுத்தாளை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, புரியாத எழுத்துகளையெல்லாம் கடைசி வரி வரைக்கும் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான். மூணு மாசம், நாலு மாசம் வராது" என்றார். நான் பிறப்பதற்கு முன் ஆறு வருஷம் அவருக்குக் குழந்தை இல்லை. அந்த ஆறு வருஷம் அப்பாவின் வீட்டில் என்னென்ன பேச்சு நடந்தது, எந்தெந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார் என்பதெல்லாம் எனக்குக் கதையாகத் தெரியும். மாதவிடாய் தவறுவது, முகத்தில் முடி, கருப்பையில் தங்காத பிள்ளை, இந்த மூன்றையும் ஒரே நூலில் கோத்து அவரிடம் யாரும் சொன்னதில்லை. 1935-லேயே சிகாகோவில் ஸ்டைன், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏழு பெண்களை வைத்து அந்த நூலைக் கோத்து எழுதியிருக்கிறார்கள். அம்மா பிடுங்கிப் பிடுங்கிக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்தது ஒரு நோய்க்குறியை. "டாக்டருங்க என் மூஞ்சியப் பார்க்கவே இல்லையே" என்றார். பார்த்திருக்க மாட்டார்கள்தான். அவர்கள் பார்க்கக் கூடாதென்றுதான் போகுமுன் சுத்தமாகப் பிடுங்கிவிட்டுப் போயிருப்பார்.

இதையெல்லாம் சொன்னால், 'இயல்பா இருக்கிறதுதான் அழகு, ஏன் எடுக்கணும்?' என்று கேட்கும் தோழிகள் இருக்கிறார்கள். கொள்கையளவில் எனக்கும் சம்மதம்தான். அந்தத் தோழிகளின் தாடைகள் பெரும்பாலும் வழவழப்பாக இருக்கின்றன என்பதை மட்டும் கவனித்து வைத்திருக்கிறேன்.

சரி, ஊசி. 1875-இல் செயின்ட் லூயிஸ் நகரில் சார்ல்ஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உட்புறமாக வளர்ந்து விழியைக் கீறும் இமைமுடிகளுக்காகக் கண்டுபிடித்தது. மயிரிழை போன்ற ஊசியை முடி முளைக்கும் குழிக்குள் இறக்கி, கொஞ்சம் மின்சாரம் விடுவார்கள். நேர்மின்னோட்டம் என்றால் உடம்பிலிருக்கும் உப்பும் தண்ணீரும் அந்த இடத்திலேயே காரமாக மாறி வேரைக் கரைக்கும். இன்னொரு வகை சூட்டால் பொசுக்கும். இரண்டையும் கலப்பதும் உண்டு. நூற்றைம்பது வருஷப் பழசு. நடுவில் 1920-களில் எக்ஸ்-ரேயால் முடி எடுக்கிறோம் என்று கடை திறந்தார்கள். வலியே இல்லாமல் உதிர்ந்தது. வருஷங்கள் கழித்து அந்தப் பெண்களில் பலருக்கு முகத்தில் புற்றுநோய் வந்தது.

நான் போவது பெட்டாலிங் ஜெயாவில், கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு சீன ஆண்ட்டியிடம். அறுபது வயதிருக்கும். பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு விளக்கு, ஒரு படுக்கை. ஒவ்வொரு முடியாக எடுக்கிறார். ஊசி இறங்கும்போது சிற்றெறும்பு கடித்த மாதிரி இருக்கும், மேலுதட்டில் மட்டும் கட்டெறும்பு. பிறகு ட்வீசரால் பிடிப்பார், வேர் செத்திருந்தால் முடி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அரை மணி நேரம், மறுநாள் வரை சிவப்பு, பத்து நாள் கழித்து மறுபடியும். ஒரு வருஷம் ஆகிறது. கன்னத்தோரம் முடிந்துவிட்டது, மோவாயில் இன்னும் பாக்கி. ஊசிக்கு நிறம் தேவையில்லை. ஐந்தானாலும் ஒன்றானாலும், கறுப்பானாலும் நரையானாலும் அதற்குக் குழி இருந்தால் போதும்.

நரை என்பதுதான் அம்மாவின் காதில் விழுந்தது. பாட்டி பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருஷம். பேச்சு இல்லை. குளிப்பாட்டி, உடை மாற்றி, தலைவாரி விடுகிறார்கள். மோவாயில் வெள்ளையாய் நீண்டு சுருளும் முடியை யாரும் கவனிப்பதில்லை. அம்மா போகும்போது ட்வீசர் கொண்டு போவார். பக்கத்தில் உட்கார்ந்ததும் பாட்டி தானாகவே முகத்தைத் தூக்கிக் கொடுப்பார். ஒரு தடவை வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா கேட்டார், "நான் படுத்துட்டா நீ பார்த்துக்குவியா?" பார்த்துக்கொள்வேன் என்றேன். "உனக்கு வேல இருக்கும்" என்றார். சிக்னல் இரண்டு தாண்டியதும், "அந்த லேசரு வெள்ள முடிக்கு எடுக்குமா?" என்றார். மெஷினுக்கு வெள்ளை முடி கண்ணே தெரியாது, ஊசிதான் என்று சொன்னேன்.

போன மாதம் கூட்டிக்கொண்டு போனேன். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவை வேறொருவர் முன்னால் தாடையைத் தூக்கிப் படுத்தார். ஆண்ட்டி விளக்கை இழுத்து, கண்ணாடி வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார். எத்தனை நாளாகும் என்று அம்மா மலாயில் கேட்க, "தெங்கோக் டுலு" என்றார் ஆண்ட்டி. அம்மா ஒரு கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் மேலுதட்டை மறைத்தார். ஆண்ட்டியிடம் சொல்லக் கூச்சம், அதனால் என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னார்: "மோவாய மட்டும் எடுக்கச் சொல்லு. மீசைய விட்ரட்டும், உங்கப்பாவுக்குப் பழகிப்போச்சு."

இதை எப்படி மலாயில் சொல்வதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, ஆண்ட்டி ஊசியைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தார்.