மல்லிப்பூ ஐஸ்கிரீமும் மாமா போட்ட கணக்கும்

உங்களுக்கு சேமியா ஐஸ் ஞாபகம் இருக்கிறதா?

குச்சியில் பால் ஐஸ். அதன் தலையில் மட்டும் நாலு இழை சேமியா ஒட்டிக்கொண்டிருக்கும். ஐஸ்காரர் சைக்கிள் கேரியரில் இருக்கிற மரப்பெட்டியின் மூடியை ‘டொப்... டொப்...’ என்று தட்டினால் போதும், தெருவே வாசலுக்கு வந்துவிடும். சங்கரன்கோவிலில் நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் கலர் ஐஸ் நாலணா, சேமியா ஐஸ் எட்டணா. அம்மாவிடம் அழுது எட்டணா வாங்குவதற்குள் ஐஸ்காரர் அடுத்த தெருவுக்குப் போயிருப்பார். வெறுங்காலோடு விரட்டிப் பிடித்து வாங்கித் தின்ற ஐஸுக்கு ஈடாக இதுவரை எதையும் நான் தின்றதில்லை.

அப்படிப்பட்ட நான்தான், மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐஸ்கிரீம் கடை திறக்கவே கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

என் அக்கா மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். அப்பா இல்லாத பையன். ஒருநாள் ராத்திரி போன் செய்தான்.

“மாமா, வேலைய விட்டுட்டேன். நம்ம ஊர்ல ஐஸ்கிரீம் கடை போடப் போறேன். கருப்பட்டி, பால்கோவா, எலுமிச்சை, மல்லிப்பூ... எல்லாம் நானே காய்ச்சிச் செய்வேன்.”

“ஏல, மல்லிப்பூவத் தலையில வைப்பாவ. நாக்குல எவம்ல வைப்பான்?”

சிரித்துவிட்டுச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை.

நான் பி.காம். படித்தவன். பத்திரிகை வேலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும், யார் கடை வைத்தாலும் கை தன்னால் பேப்பரை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அன்றைக்கும் போட்டேன். டீப் ஃப்ரீசர் ராத்திரி பகலாக மைனஸ் 18 டிகிரியில் ஓட வேண்டும். கரன்ட் பில், வாடகை, பால். மழைக்காலத்தில் ஈ ஓட்ட வேண்டியதுதான். போதாததற்கு, பிரியாணிக்குப் பேர்போன ஊர். எப்படிக் கூட்டினாலும் நஷ்டம்தான் வந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவனுக்குத் தெரியாமல் அக்காவுக்குப் போன் செய்து, “நகையை மட்டும் கொடுத்திராதே” என்றேன். அக்கா, “சரிடா” என்றாள். மறுநாளே ரெட்டை வட சங்கிலியும் ஆறு வளையலும் பேங்குக்குப் போய்விட்டன. நான் சொன்னது பையனுக்கும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு எப்போது போன் செய்தாலும், “நல்லா இருக்கேன் மாமா” என்பதோடு சரி.

போன ஆடித்தபசுக்குத்தான் ஊருக்குப் போகும் தைரியம் வந்தது. கோமதி அம்மன் தவமிருந்து, சிவனும் திருமாலும் ஒரே உருவில் பாதிப் பாதியாக சங்கரநாராயணராகக் காட்சி கொடுத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ‘சிவனா, திருமாலா, யார் பெரியவர்?’ என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜாக்களுக்கு வந்த சண்டையைத் தீர்த்த ஊர் இது. மாமன் - மருமகன் சண்டை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

ரத வீதியை ஒட்டிய சந்தில் கடை. இரண்டு பெஞ்சு, ஒரு ஃப்ரீசர், கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய விலைப்பட்டியல். “வாங்க மாமா, எப்ப வந்திய?” என்றான். ஒன்றரை வருஷம் கழித்து அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

முதலில் எலுமிச்சை தந்தான். பக்கத்துப் புளியங்குடிப் பழம். பாலில் எலுமிச்சையைப் பிழிந்தால் திரிந்துவிடும் இல்லையா? அதனால் பாலே சேர்க்காமல் சாறும் சர்க்கரைப் பாகும் தோலின் வாசமும் மட்டும். வெயிலில் வந்தவனுக்குக் கண்ணைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்து கருப்பட்டி. அது லேசில் உறையாதாம். இனிப்பு கூடக் கூட, உறைவதற்கான குளிரும் கூட வேண்டும். முதல் மாதம் முழுக்கக் கூழைத்தான் கொட்டினேன் என்றான். பால்கோவா சுலபம், ஏற்கெனவே சுண்டிய பால். கருப்பட்டியில் பாதி, பால்கோவாவில் பாதி என்று ஒரே கப்பில் கேட்கிறவர்கள் அதிகம். கறுப்பும் வெள்ளையுமாகப் பார்க்க அழகு. அதற்கு ‘சங்கரநாராயணர்’ என்று பேர் வைக்கச் சொன்னார்களாம். “சாமி பேர விக்கக் கூடாது மாமா” என்று ‘பாதிப் பாதி’ என்று மட்டும் எழுதிவிட்டான்.

கடைசியில் மல்லிப்பூ. ஊரே பூ மார்க்கெட்டுக்குப் பேர்போனது. ஆனால் இவன் மார்க்கெட்டில் பூ வாங்குவதில்லை. மொட்டுப்புழுவுக்கு மருந்தடித்த பூவைத் தலையில் வைக்கலாம், தின்ன முடியாது. மருந்தடிக்காத ஒரு தோட்டத்துக்காரரிடம் மொட்டாக வாங்கி, ராத்திரி முழுக்க ஆறிய பாலில் போட்டு வைத்து, காலையில் வடிகட்டிவிடுகிறான். வாயில் வைத்தேன். ருசி என்று சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

“ஏன் இவ்வளவு கனமா இருக்கு?” என்று கப்பைத் தூக்கிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குத் தெரியாத கணக்கைச் சொன்னான்.

ஐஸ்கிரீமை லிட்டர் கணக்கில் விற்கிறார்கள், எடைக் கணக்கில் அல்ல. கடையும்போது காற்று உள்ளே போகும். போகவும் வேண்டும், இல்லாவிட்டால் கல்லாகிவிடும். ஒரு லிட்டர் கலவையில் ஒரு லிட்டர் காற்றை ஏற்றினால் இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம்! ஒரு லிட்டர் குறைந்தது 525 கிராமாவது இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. இவனுடைய லிட்டர் 800 கிராம்.

“காத்துக்குக் காசு வாங்க மனசு வரல மாமா.”

பி.காமில் இந்தப் பாடம் எனக்கு யாரும் நடத்தவில்லை.

மங்களூர்ப் பக்கத்துப் பழ வியாபாரியின் மகன் ரகுநந்தன் காமத், 1984-ல் மும்பை ஜுஹுவில் ‘நேச்சுரல்ஸ்’ ஆரம்பித்தபோது, வெறும் ஐஸ்கிரீமுக்குக் கூட்டம் வராது என்று பாவ் பாஜியும் சேர்த்து விற்றார். சீதாப்பழத்தையும் இளநீரையும் ஐஸ்கிரீமாக்கி ஊரையே வரிசையில் நிற்க வைத்தவர், 2024-ல் காலமானார். நம் பக்கத்து மாவட்டத்துத் திருத்தங்கல்காரர் சந்திரமோகன், 1970-ல் 13,000 ரூபாயோடு சென்னை ராயபுரத்தில் குச்சி ஐஸ் போட ஆரம்பித்தார். பெரிய கம்பெனிகள் கண்டுகொள்ளாத சின்ன ஊர்களுக்குப் போய்த்தான் ‘அருண்’ வளர்ந்தது. இந்த இரண்டு பேர் கதையும் எனக்குத் தெரியும். கட்டுரைகளில் எழுதிப் பாராட்டுகிற ஆள்தான் நான். சொந்த வீட்டில் ஒருவன் கிளம்பினால் மட்டும் பேப்பரை எடுத்துவிடுகிறேன். நீங்கள் எப்படி?

பேசிக்கொண்டிருக்கும்போதே தறி வேலை முடிந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். “சாதா ஐஸ்கிரீம் இருக்கா தம்பி? இந்தப் பூ, கீ எல்லாம் வேண்டாம்.” சாதா என்றால் வெனிலா. யோசித்துப் பாருங்கள். வெனிலாவின் பூர்வீகம் மெக்சிகோ. அது நமக்கு ‘சாதா’. வீட்டுக்கொல்லையில் பூக்கிற மல்லி ‘விநோதம்’!

பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஃப்ரீசரின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் குழந்தையிடம் நீட்டினான். குச்சி. தலையில் நாலு இழை சேமியா. அதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறியது. “எனக்கும் ஒண்ணு குடுங்க” என்றார்.

“கடை ஓடுறதே இதுலதான் மாமா. இருபது ரூவா. கரன்ட் பில்ல சேமியா ஐஸ் கட்டிருது. மல்லிப்பூ ஒருநாளைக்குப் பத்து கப் போனா பெரிசு. ஆனா விட மாட்டேன்.”

லாபமா என்று கேட்டேன். சங்கிலியை மீட்டாச்சு, வளையல் இன்னும் பேங்கில் என்றான். இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டான். மூன்றாவதைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. என் கணக்கு தப்பு என்று இன்னும் நிரூபணமாகவில்லை. அது தப்பாக வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக ஆசைப்பட்டேன்.

“உங்க அம்மாட்ட நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுல” என்றேன். அவன் ஃப்ரீசரைத் துடைத்துக்கொண்டே, “அம்மா அன்னைக்கே சொல்லிட்டா மாமா. பயத்துலதான சொன்னிய” என்றான்.

கிளம்பும்போது பில்லை நீட்டினான். நாலு கப், 240 ரூபாய். திகைத்துப் போய் அவன் முகத்தைப் பார்த்தேன்.

“நீங்கதான மாமா சொன்னிய, சொந்தக்காரனுக்கு ஓசி குடுத்தா கடை வெளங்காதுன்னு?”

ஆமாம், சொல்லியிருக்கிறேன். அவன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, வெட்டிப் பேச்சில் எப்போதோ சொன்னது. பையன் என் ஒரே ஒரு நல்ல யோசனையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறான்.

முந்நூறு ரூபாய் கொடுத்தேன். அறுபது ரூபாய் மீதி தர சில்லறை தேடினான். “வேண்டாம்ல. மூணு சேமியா ஐஸ் குடு” என்றேன். ஒன்று எனக்கு, ஒன்று அக்காவுக்கு. இன்னொன்றை அந்தச் சந்திலேயே நின்று அவனைத் தின்ன வைத்தேன்.