சுங்கை சிப்புட் சாலையிலே: துப்பாக்கி காவல் இருந்த தோட்டங்கள்

ஈப்போவிலிருந்து கோலகங்சாருக்குப் போகும் பழைய சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் போனால் சுங்கை சிப்புட் வரும். நெடுஞ்சாலை போட்ட பிறகு பலரும் இந்த ஊரைத் தொடாமலே வடக்கே பறந்து விடுகிறார்கள். வாசகர்களே, நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பழைய சாலையிலேயே வாருங்கள். சாலை ஓரத்தில் சுண்ணாம்புக் குன்றுகள் நிற்கும். வலப்புறம் தூரத்தில் நீலமாய் மலைத்தொடர் கூடவே வரும். அந்த மலைக்கும் இந்தச் சாலைக்கும் நடுவில் இருக்கும் தோட்டங்களைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சிப்புட் என்றால் மலாயில் நத்தை. நத்தை ஆறு என்று பெயர் வைத்துக்கொண்ட ஊர், நாட்டின் சரித்திரத்தையே ஒரு காலை வேளையில் புரட்டிப் போட்டது.

முதலில் ஊரைப் பார்த்துவிடுங்கள். நமக்கெல்லாம் சொந்தம் என்று சொல்லத்தக்க ஊர் இது. துன் வீ. தி. சம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பிறந்தது இங்கேதான். மகாத்மா காந்தி கலாசாலையை 1954இல் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் வந்து திறந்து வைத்தார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தோட்டத்தையே வாங்கலாம் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவரும் இந்த ஊர்ப் பிள்ளைதான்.

சந்தைக் கடையில் தேநீர் குடித்துவிட்டு லிந்தாங் போகும் சாலையில் திரும்புங்கள். எல்பில் தோட்டம் அந்தப் பக்கம். அன்று கித்தா மரமாய் இருந்த காட்டில் இன்று பெரும்பாலும் செம்பனைதான். நிரை பிடித்துப் பால் வெட்டிய நம்மவர்களில் பலர் தாமான்களுக்குக் குடிபோய்விட்டார்கள். குலை வெட்டும் வேலையில் வெளிநாட்டுத் தம்பிகள் இருக்கிறார்கள்.

1948 ஜூன் 16. பெரட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போய்விட்ட நேரம். காலை எட்டரை மணி இருக்கும். மூன்று பேர் சைக்கிளில் எல்பில் தோட்ட ஆபீசுக்கு வந்தார்கள். துரை ஆர்தர் வாக்கர் மேசையில் இருந்தார். வந்தவர்கள் "தாபெக் துவான்" என்று வணக்கம் சொன்னார்களாம். துரையும் பதில் வணக்கம் சொன்னாராம். அடுத்து கேட்டது வெடிச் சத்தம். பக்கத்து அறையில் இருந்த இந்தியக் கிராணியார் அதைக் கேட்டவர். வந்தவர்கள் அவசரம் காட்டாமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்கள்.

அரைமணி நேரத்துக்குள் இன்னொரு தோட்டம். அங்கே ஜான் அலிசன் என்ற துரையையும், 21 வயதே ஆன இயன் கிறிஸ்டியன் என்ற சின்ன துரையையும் கைகளைக் கட்டிச் சுட்டார்கள். அன்றே பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில் அவசரகாலம் பிரகடனமாயிற்று. ஜூன் 18இல் மலாயா முழுவதற்கும் வந்தது. 1960 ஜூலை 31 வரை, பன்னிரண்டு வருஷம் அது நீடித்தது. கட்சித் தலைமை இந்தக் கொலைகளுக்கு உத்தரவு போடவில்லை என்று சின் பெங் தம்முடைய வாழ்க்கை வரலாற்றில் பின்னாளில் எழுதினார். உத்தரவு யாருடையதாக இருந்தாலும் மூன்று உயிர் போனது போனதுதான். அதற்கு முன்னே இரண்டு வருஷமாகத் தோட்டங்களில் கூலி உயர்வுக்காக நடந்த வேலைநிறுத்தங்களையும், வெளியேற்றப்பட்ட குடும்பங்களையும் மறந்துவிட்டுப் பேசுவதும் நியாயமாகாது.

அத்தனை துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஜப்பான்காரன் காலத்தில் காட்டிலிருந்து போராடியவர்களுக்கு ஆங்கிலேயரே விமானத்திலிருந்து ஆயுதம் போட்டார்கள். சண்டை முடிந்து 1945 டிசம்பரில் அந்தப் படையைக் கலைத்தபோது, ஆயுதத்தை ஒப்படைத்தவர்களுக்கு ஆளுக்கு 350 வெள்ளி கொடுத்தார்கள். ஒப்படைத்தது போக, எண்ணெய் தடவி மண்ணில் புதைத்ததும் நிறைய. மூன்று வருஷம் கழித்து அதே துப்பாக்கிகள் கொடுத்தவனையே பார்த்து நீண்டன.

இனி, அந்த நாளில் துரை பங்களாவை எப்படிக் கோட்டையாக்கினார்கள் என்று பார்ப்போம். குன்றின் மேலே, நாலா பக்கமும் காற்று வரும்படி திறந்து கிடந்த வீடு அது. காற்றுக்காகக் கட்டிய வீட்டைக் குண்டுக்காக மூட வேண்டியதாயிற்று. வீட்டைச் சுற்றி முள்கம்பி வேலி; அதுவும் எறிகுண்டு எறிந்தால் வீட்டின் மேல் விழாத தூரத்தில். வேலிக்கு வெளியே லாலான் புல்லும் புதரும் மழிக்கப்பட்டன, பதுங்க நிழல் இருக்கக் கூடாது என்று. வராந்தாவிலும் ஜன்னலடியிலும் இடுப்புயரத்துக்கு மணல் மூட்டை. இரவில் வெளிச்சம் வீட்டுக்குள்ளே இருக்காது. வேலியைப் பார்த்துத்தான் விளக்கு எரியும். உள்ளே இருப்பவன் இருட்டில், வருபவன் வெளிச்சத்தில். கட்டில்களை வெளிச்சுவரை விட்டு நகர்த்தினார்கள். வேலிக் கம்பியில் கல் போட்ட பால் டின்களைக் கட்டித் தொங்கவிட்டதாகவும், காற்றடித்தால் இரவெல்லாம் அவை கலகலத்துத் தூங்கவிடாது என்றும் எங்கள் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். டெலிபோன் கம்பியை அறுத்துவிட்டுத்தான் தாக்க வருவார்கள் என்பதால், உதவி வரும் வரை தாக்குப்பிடிப்பது ஒன்றே கணக்கு.

எந்தத் துப்பாக்கி என்பதிலும் ஒரு கணக்கு இருந்தது. பகலில் மலைக்காட்டைச் சுற்றும் துரை இடுப்பில் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். அது பக்கத்தில் வந்தவனுக்குத்தான், தூரத்துக்கு உதவாது. காவலுக்கு அவசரம் அவசரமாகச் சேர்க்கப்பட்ட ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கு, பெரும்பாலும் மலாய் இளைஞர்கள் அவர்கள், "திரீ நாட் திரீ" ரைபிள் கிடைத்தது. தூரம் போகும், குறி தப்பாது. ஆனால் கித்தாக் காட்டு இருட்டில் குறி எங்கே பார்ப்பது? இருட்டுக்கும் கிட்டத்துக்கும் ஏற்றது சிதறுகுண்டு போடும் வேட்டைத் துப்பாக்கி என்று அனுபவத்தில் கண்டார்கள். பின்னாளில் ஊர்க்காவல் படையினர் கையில் அதிகம் இருந்தது அதுதான். ஸ்டென் துப்பாக்கி என்று ஒன்று உண்டு. மழைபோல் குண்டு பொழியும், விலையும் மலிவு. கீழே விழுந்தால் தானே வெடித்துவிடும் என்று கெட்ட பெயரும் அதற்கு உண்டு. கோலாலம்பூர் போலீஸ் அரும்பொருளகத்துக்குப் போனால் அந்தக் காலத்து ஆயுதங்களைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது ஏதோ தண்ணீர்க் குழாய்த் துண்டு போலத் தோன்றும்.

பங்களாவுக்கு இத்தனை. லயத்துக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் இத்தனை தூரம் உங்களை அழைத்து வந்தேன். பலகைச் சுவரும் தகரக் கூரையும் உள்ள வரிசை வீட்டில் மணல் மூட்டை ஏது? வெடிச் சத்தம் கேட்டால் தன் தாயார் பிள்ளைகளை அடுப்படிக்கு இழுத்துப் போய், செங்கல் அடுப்பின் பக்கத்தில் தரையோடு தரையாய்ப் படுக்க வைத்து, மேலே தானும் கவிழ்ந்துகொள்வார் என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னார். வீட்டில் செங்கல் இருந்த இடம் அது ஒன்றுதானாம். துப்பாக்கியைப் பற்றிப் பெரிய பெரிய புத்தகம் எழுதியவர்கள் எவரும் அந்த அடுப்பைப் பற்றி எழுதவில்லை.

1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரம் இருந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் புதுக்கிராமங்களில் கொண்டுபோய் வைத்தார்கள். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களையும் ஒன்றுசேர்த்து வேலிக்குள் அடைத்தார்கள். இருட்டோடு மரத்துக்குப் போனால்தான் பால் நன்றாக வடியும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரடங்கு முடிந்து வேலி திறக்கும்வரை காத்திருந்தால் வெயில் ஏறிவிடும், பால் குறைந்துவிடும். வாசலில் சோதனை. அரிசி கொண்டுபோகக் கூடாது, கட்டுச்சோறுகூடக் கூடாது, காட்டில் இருப்பவனுக்குப் போய்விடுமாம். பகலில் அவன் வந்து "சோறு கொடு" என்பான், மாலையில் இவன் வந்து "கொடுத்தாயா?" என்பான். இரண்டு பேர் கையிலும் துப்பாக்கி இருந்தது. நடுவில் நின்றவர் கையில் இருந்தது பால் வாளியும் உளியும்தான்.

ஆயுதம் ஒரு மனிதனை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதற்குக் கணபதியின் கதை ஒன்று போதும். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்த எஸ். ஏ. கணபதி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராய் இருந்தவர். 1948 ஜூனில் சம்மேளனத்தின் பதிவு ரத்தாயிற்று. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் அவரைப் பிடித்தபோது அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் இருந்தன என்பது வழக்கு. அவசரகாலச் சட்டப்படி அனுமதியில்லாத ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. இந்திய அரசு பரிந்து பேசியும் பயனில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அவருடைய அரசியலை ஏற்பதும் ஏற்காததும் உங்கள் விருப்பம். எத்தனையோ தோட்டத்தில் கூலிக்காகப் பேசிய ஒரு குரல், துப்பாக்கி வைத்திருந்ததற்கான சட்டத்தில் முடிந்தது.

சரி, சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்பி ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜாவுக்கு வாருங்கள். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களைக் காக்க, 1952இல் சீன முதலாளிகளின் முயற்சியால் கிந்தா பள்ளத்தாக்கு ஊர்க்காவல் படை எழுந்தது இந்த வட்டாரத்தில்தான். சீனர்கள் கையில் துப்பாக்கி கொடுத்தால் அது நேரே காட்டுக்குப் போய்விடும் என்று அஞ்சியவர்கள் அப்போது பலர். அதனால் பல ஊர்களில் மாலையில் போலீஸ் நிலையத்தில் துப்பாக்கியை வாங்கி, விடிந்ததும் திரும்ப ஒப்படைக்க வேண்டியிருந்தது. நம்பி முழுதாய்க் கொடுத்த பிறகு, பயந்தபடி ஒன்றும் நடந்துவிடவில்லை. நம்பிக்கை வைப்பதில் நம்முடைய முறை மட்டும் எப்போதும் கடைசியாகத்தான் வந்தது என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு.

பத்து காஜாவில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தின் மயானம் இருக்கிறது. வாக்கரும் அலிசனும் இளம் கிறிஸ்டியனும் அங்கேதான் துயில்கிறார்கள். அவசரகாலத்தில் மாண்ட துரைமார்கள், போலீஸ் அதிகாரிகள், சிப்பாய்கள் என்று நூற்றுக்கு மேற்பட்ட கல்லறைகள். கல்லில் உள்ள வயதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நினைவு நிகழ்ச்சி நடக்கிறது. நம் பால்வெட்டுக்காரர்களின் பெயரை அங்கே தேட வேண்டாம். அது கிறிஸ்துவ மயானம். அவசரகாலத்தில் கொல்லப்பட்ட பொதுமக்கள் 2,478 பேர், காணாமற் போனவர்கள் 810 பேர் என்று அரசாங்கக் கணக்கு. அந்த எண்ணுக்குள் நம்மவர்களும் இருக்கிறார்கள். கல் இல்லாதவர்களுக்கு எண்தான் கல்.

சென்ற வருஷம் எங்கள் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்தார். லயத்தில் இரண்டு வீட்டில் திருடு போயிருந்த சமயம். "சார், வீட்டுக்கு ஒரு வேட்டைத் துப்பாக்கி லைசென்ஸ் எடுத்து வைத்தால் என்ன? பன்றி சுடுகிறவர்களுக்குக் கொடுக்கிறார்களே" என்றார். சிலர் கைதட்டினார்கள்.

சட்டத்தைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. காரணம் கேட்பார்கள், கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. கள்ளத்தனமாய் வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 வருஷம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. குற்றம் செய்யும்போது சுட்டால் மரண தண்டனை. அது கட்டாயம் என்ற நிலை 2023இல் மாறிற்று, என்றாலும் முப்பதிலிருந்து நாற்பது வருஷம் சிறை காத்திருக்கும்.

சட்டம் கிடக்கட்டும். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் காட்டிலிருந்து வந்தவர்கள் தேடியது பெரும்பாலும் என்ன? துப்பாக்கி. காவல் நிலையத்தைத் தாக்கியதும் பங்களாவைத் தாக்கியதும் அதற்காகவும்தான். துப்பாக்கி இருக்கிற வீடென்று தெரிந்தால் திருடனுக்கு அதுவே பெரிய சொத்து. அதைப் பூட்டி வைத்தால் நேரத்துக்கு உதவாது. பூட்டாமல் வைத்தால் பிள்ளை கைக்குப் போகும். பலகைச் சுவரில் சுட்டால் குண்டு பக்கத்து வீட்டில்தான் போய் நிற்கும். இதைச் சொன்னதும் கேட்டவரே உட்கார்ந்துவிட்டார். அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் அவர் மைத்துனர்.

பங்களாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது துப்பாக்கியை அல்ல, மற்றதையெல்லாம். வெளிச்சம் வெளியே விழட்டும். கொல்லைப் புதரை வெட்டுங்கள். இரண்டு நாய் வளருங்கள். 1975இல் வந்த ருக்குன் தெத்தாங்கா ஏற்பாட்டை எங்கள் தோட்டத்தில் மறுபடி உயிர்ப்பித்தோம். இரவுக்கு நான்கு பேர், கையில் டார்ச்சு விளக்கும் விசிலும். பாட்டிமார் கோப்பி போட்டு வைக்கிறார்கள்.

பத்து காஜா வரை வந்தவர்கள் கெல்லி மாளிகைக்கும் ஒரு நடை போய்வாருங்கள், தூரமில்லை. மாளிகையை விட எனக்குப் பிடித்தது அதன் பக்கத்து மாரியம்மன் கோயில்தான். தோட்டத்து ஆட்களுக்காக அந்தத் துரை கட்டிக் கொடுத்தது. கூரையைப் பாருங்கள், சாமிகளோடு சாமியாய்க் கோட்டும் தொப்பியும் போட்ட ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். பிள்ளைகள் அவர் யார் என்று கேட்பார்கள். பதிலைத் தயாராய் வைத்துக்கொண்டு போங்கள். தண்ணீரும் குடையும் மறக்க வேண்டாம், மயானத்தில் நிழல் குறைவு.