கரண்ட் பில்லும் உம்மாட ஃபேனும்



போன மாதம் எங்கட வீட்டில் 63 யுனிட். 60ஐத் தாண்டினால் கூடின 3 யுனிட்டுக்கு மட்டுமல்ல, முதல் யுனிட்டிலிருந்தே விலை மாறும். நிலையான கட்டணமும் ஏறும். பில்லைப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டேன்.

அன்றிரவு உம்மா வேர்த்து வேர்த்து, பழைய கொப்பி மட்டையால் வீசிக்கொண்டு படுத்திருந்தா.

"ஏன் உம்மா ஃபேன் போடல?"

"பில் கூடும் மகன்."

நெஞ்சு சுட்டது.

இரவு முழுக்க ஃபேன் ஓடினாலும் ஏறக்குறைய அரை யுனிட்தான். 1000 வாட் அயன் ஒரு மணித்தியாலத்திலேயே ஒரு யுனிட் எடுக்கும். இப்போ ஒவ்வொரு ஞாயிறும் மீட்டரைப் பார்த்து எழுதுகிறோம். என் சேட்டுகளைக் கிழமைக்கு ஒருதரம்தான் அயன் பண்ணுகிறேன்.

உம்மாட ஃபேன் ஓடுகிறது, அல்ஹம்துலில்லாஹ். பில்லைப் பற்றிச் சத்தம் போட முதல், வீட்டில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.